பல்கருக்கு மாசம் முழுக்க நிக்காம ஓட்டம் கிடைக்க என்ன வழி?

வைகுந்தம் 18 சக்கரம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர் சங்ககிரிப் பக்கம், வைகுந்தம் டோலுக்கு இந்தாண்டை. ஒன்பது வருஷம் அடுத்தவங்க வண்டியில டிரைவரா இருந்துட்டு, போன வருஷம் மாசியில சொந்தமா ஒரு பல்கர், அதான் சிமெண்ட் மாதிரி பொடிச் சரக்கு ஏத்தற டேங்க் லாரி, எடுத்தேனுங்க. செகண்ட் ஹேண்ட், 2019 மாடல், பிஎஸ்4, 18 சக்கரம். காலி எடை 14 டன் சொச்சம் வரும். சிமெண்ட் 31 டன் பிடிக்குது. வண்டிக் கடன் டியூ மாசம் 58,400. ஏழாந்தேதி தப்பக்கூடாது. அம்மா நகையும் சேத்துத்தான் முன்பணம் கட்டினேன்.

டிரைவரா இருந்தப்ப மாசம் பூரா ஓட்டம் இருந்துச்சு. முதலாளி போன் பண்ணுவார், நான் போவேன், அவ்வளவுதான். அந்த லோடை அவர் எப்படிப் பிடிச்சார்னு ஒரு நாளும் கேட்டுக்கல. இப்ப அதுதான் இடிக்குது.

ஜூலையில 14 ட்ரிப், ஆகஸ்ட்ல 11, செப்டம்பர்ல 9. அரியலூர்ல ஒரு புக்கிங் ஆபீஸ் மூலமாத்தான் எடுக்கறேன். அங்க உள்ளூர் வண்டிக்குத்தான் முதல் டர்ன், அதைத் தப்புன்னு சொல்லல, அவங்க ஊரு. ஆனா எனக்கு முறை வர ரெண்டு நாள், மூணு நாள் ஆகுது. போன வாரம் கோயமுத்தூருக்கு ஒரு லோடு. அங்க ரெடிமிக்ஸ் கான்கிரீட் பிளான்ட்ல சைலோ (சிமெண்ட் சேத்து வெக்கிற உயரமான தொட்டி) நெறஞ்சு கிடந்ததால 26 மணி நேரம் வெளிய நின்னேன். ஹால்டிங், அதாவது நின்ன நேரத்துக்குக் காசு கேட்டா, “அது பார்ட்டி குடுத்தாத்தான்”னு சொல்லிட்டாங்க. திரும்பி வந்தது காலியா. போக வர 540 கி.மீ., டீசல் 155 லிட்டர், 14,300 ரூபா. டோலு, படி, கம்பிரசர் ஆயில் போக நின்னதை எழுதவே கை வரல. இதுல ஜூலை மாச பேலன்ஸே இன்னும் வரலீங்க, 74 நாளாச்சு.

வீட்டுல டேங்க்கைக் கழட்டி வித்துட்டு, சும்மா டிரெய்லராப் போட்டு கம்பி, இரும்புக் காயில் ஏத்தலாம்கறாங்க. ஒரு நண்பர் பெரிய டிரான்ஸ்போர்ட்ல அட்டாச் விட்டுரு, அவங்க பேர்ல வண்டி ஓடட்டும்கறார். லோடு ஆப்ல மூணு மாசமாப் பாக்கறேன், பல்கருக்குன்னு ஒண்ணும் வரமாட்டேங்குது.

இந்தத் தொழில்ல நாள்பட்டவங்க யாராச்சும், மாசம் முழுக்க வண்டி நிக்காம ஓட என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. கஷ்டமான வேலையா இருந்தாலும் பரவால்லீங்க, நாளைக்கு லோடு உண்டுன்னு தெரிஞ்சாப் போதும்.

நாமக்கல் டாரஸ்

டேங்க்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நாமக்கல் ரயில்வே கூட்ஸ் ஷெட் பக்கம் வந்து பாருங்க. கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் வடக்க இருந்து ரேக் ரேக்கா, முழு கூட்ஸ் ரயிலா வருது. ரேக் வந்த அன்னிக்கு இருக்கிற வேலையைப் பாத்தா இதுதான் நிரந்தரம்னு தோணும். ஆனா அடுத்த ரேக் எப்ப வரும்னு எங்களுக்கும் தெரியாது. வந்தாலும் சங்கத்து வண்டிக்குத்தான் முறை. 12 சக்கரத்துல ஓட்டுற நானே வாரத்துல மூணு நாள் நிக்கறேன். டிரெய்லருக்கு மாறினா நிலைமை மாறிடும்னு நெனச்சு இறங்காதீங்க. கம்பிக்கும் காயிலுக்கும் ஏற்கனவே பத்து வருஷமா உக்காந்திருக்கறவங்க இருக்காங்க. அங்க நீங்க புது ஆளு. பல்கர்லயாவது ஒன்பது வருஷ அனுபவம் கையில இருக்கே.

மேட்டூர் ரவுண்டு

தம்பி, நானும் சங்ககிரிதான். 1994-ல கிளீனரா ஏறினேன். 2004-ல இருந்து பல்கர் மட்டும்தான். இப்ப மூணு வண்டி இருக்கு, ஒண்ணை இன்னும் நானே ஓட்டறேன். உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். நேத்து ராத்திரி வண்டியில இருந்ததால பதில் போட முடியல.

உங்க கணக்கை முதல்ல இப்படிப் போட்டுப் பாருங்க. ஆகஸ்ட்ல 11 ட்ரிப். எல்லாமே கோயமுத்தூர் தூரம்னு வெச்சா 5,940 கி.மீ. ஓடியிருக்கீங்க. அதுல கூலி கிடைச்சது 2,970-க்கு. மீதி பாதிக்கு டீசலும் டயரும் உங்க காசு. டாரஸ் மாதிரி திறந்த லாரிக்காரர் கோயமுத்தூர்ல இறக்கிட்டு நூலோ, மோட்டாரோ, ஏதோ ஒண்ணை ஏத்திட்டு வந்துருவார். நம்ம டேங்க்ல பொடியைத் தவிர வேற எதையும் போட முடியாது. நம்ம ரோட்டுல பெருசாப் போற பொடி ரெண்டுதான், சிமெண்டும் சாம்பலும். ஸ்லாக் பவுடரு (இரும்பு உலைக் கசடு), சுண்ணாம்புப் பொடி எல்லாம் அங்கங்க கொஞ்சம். நீங்க அந்த ரெண்டுல ஒண்ணை மட்டும் ஓட்டறீங்க. அதனாலதான் பாதி ரோடு காலியா வருது. வண்டியில ஒரு குறையும் இல்லை.

என் ஓட்டத்தைச் சொல்றேன். மேட்டூர் அனல் மின் நிலையத்துல சாம்பல் ஏத்தறேன். ஆத்தூர், வேப்பந்தட்டை, பெரம்பலூர் வழியா அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரிக்கு 200 கி.மீ. அங்க இறக்கிட்டு அதே கேட்டுக்குள்ளயே சிமெண்ட் ஏத்தி சேலத்துக்கு 150 கி.மீ. சேலம் ரெடிமிக்ஸ் பிளான்ட்ல இறக்கினதும் மேட்டூருக்குக் காலியாப் போறது 50 கி.மீ.தான். ஒரு ரவுண்டு 400, அதுல 350 லோடு. ரெண்டரை நாள்ல ஒரு ரவுண்டு முடியுது, மாசத்துக்கு 11 ரவுண்டு வந்துரும். அதாவது 22 லோடு. நீங்க ஓடினதை விடக் கம்மி தூரம். வாடகை ரேட்டை இங்க எழுதல, அது மாசத்துக்கு மாசம் மாறும், ஆளுக்கு ஆளும் மாறும். இந்தக் கி.மீ. கணக்கு மட்டும் மாறாது.

சாம்பல் வேலை ஓயாததுக்குக் காரணம் இருக்கு. பிபிசி (போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்ட்ல 15-ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் சாம்பல் கலக்கறாங்க, தரக்கட்டுப்பாடே அப்படித்தான். இன்னொரு பக்கம், அனல் மின் நிலையங்கள் சாம்பல் பூராவையும் பயன்பாட்டுக்கு அனுப்பியாகணும்னு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 டிசம்பர் 31-ல அறிவிக்கை போட்டிருக்கு. குடுக்கறவங்களுக்கும் சாம்பல் போயாகணும், வாங்கறவங்களுக்கும் வேணும். மேட்டூர்ல 840 மெகாவாட் ஒண்ணு, 600 மெகாவாட் ஒண்ணு. ரெண்டும் முழுசா ஓடினா சைலோ அடியில வண்டி வரிசை குறையவே குறையாது.

ஆனா இதுல நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது சிலது இருக்கு.

சாம்பல் லேசு. சிமெண்ட் 31 டன் பிடிக்கிற அதே டேங்க்ல சாம்பல் 25, 26 டன்னுக்கு மேல ஏறாது. வாடகையை டன் கணக்குல பேசறப்ப 31-ஐ மனசுல வெச்சுத் தலையாட்டிட்டா ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அஞ்சு டன் காசு போச்சு. நான் முதல் ஆறு மாசம் அப்படித்தான் ஓட்டினேன். இப்ப சாம்பலுக்குக் குறைஞ்சபட்சம் 27 டன்னுக்குக் காசுன்னு பேசித்தான் வண்டியை விடறேன்.

டேங்க்கைச் சுத்தம் பண்றதுல சோம்பல் கூடவே கூடாது. சாம்பல் இறக்கினதும் காத்தை விட்டு ஊதி, பிரஷர் முழுசா இறங்கிருச்சான்னு கேஜைப் பாத்து, அப்புறம் டேங்க் மேல இருக்கிற மேன்ஹோல் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாக்கணும். மூலையில ஒரு கூடை சாம்பல் தங்கினாலும் அடுத்த சிமெண்ட் லோடு ரிஜெக்ட் ஆகும். இதையும் சேத்தே சொல்லிடறேன்: கேஜ் பூஜ்யம் காட்டாம மேன்ஹோல் போல்ட்ல கை வெக்காதீங்க. டேங்க்ல ஒரு கிலோ பிரஷர் இருந்தாலே மூடி ஆளைத் தூக்கி எறிஞ்சுரும். என்கூட வேலை செஞ்ச பையன் ஒருத்தன் அப்படித்தான் மேல இருந்து விழுந்தான். உயிர் தப்பிச்சுது, இடது கை இன்னும் முழுசா நீட்ட வராது. 14 வருஷம் ஆச்சு. இப்பவும் ஒவ்வொரு தடவை ஏணியில ஏறும்போதும் எனக்கு அவன் ஞாபகம் வரும்.

சரி, இந்த ரவுண்டு எனக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு கேப்பீங்க. புக்கிங் ஆபீஸ் மூலமா இல்லை. சேலத்துல ஒரு ரெடிமிக்ஸ் பிளான்ட்டுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு லோடு கொண்டுபோனேன். சைலோ மேல இருக்கிற ஃபில்டர் அடைச்சுக் கிடந்துச்சு. எனக்கு முன்னாடி நின்ன வண்டி ரெண்டு கிலோ பிரஷர்ல அடிச்சு, சைலோ மேல புகை மாதிரி சிமெண்ட் கிளம்பி, பக்கத்துக் காலனிக்காரங்க கேட்டுக்கே வந்துட்டாங்க. ஆபரேட்டர் பையன் கையைப் பிசைஞ்சுட்டு நின்னான். நான் ஃபில்டரைத் தட்டிவிடச் சொல்லிட்டு, பிரஷரை ஒண்ணு, ஒண்ணேகாலுக்கு மேல ஏத்தாம மெதுவா மூணு மணி நேரம் இறக்கினேன். வழக்கமா ஒண்ணேகால் மணி நேர வேலை. ஒரு பொட்டுத் தூசி வெளிய வரல. அடுத்த வாரம் அந்த பிளான்ட்ல இருந்து ஃபேக்டரிக்கு ஆர்டர் போறப்ப, “அந்த நம்பர் வண்டியையே அனுப்புங்க”ன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு மாசத்துல ஃபேக்டரி டெஸ்பேட்ச்ல என் நம்பர் பழகிருச்சு. அதுக்கப்புறம்தான் நானே லாஜிஸ்டிக்ஸ் ஆபீஸ்ல போய் நின்னு, “சாம்பல் கொண்டுவர்றேன், அதே வண்டிக்கு வெளிய சிமெண்ட் குடுங்க”ன்னு கேட்டேன். அவங்களுக்கும் அது வசதி. உள்ள வர்ற வண்டியே ஏத்திட்டுப் போனா, வெளிய இருந்து காலி வண்டிக்குக் காத்திருக்க வேண்டாமே.

அதனால நீங்க போய்ப் பாக்க வேண்டிய ஆள் ரெண்டு பேர். ஒருத்தர் சாம்பல் எடுக்கிற கான்ட்ராக்டர். இன்னொருத்தர் ரெடிமிக்ஸ் பிளான்ட்ல ஸ்டோரும் சைலோவும் பாக்கறவர். இந்த ரெண்டு முனையும் கைக்கு வந்துட்டா நடுவுல ஃபேக்டரி தானா சேரும். வெறும் ஃபேக்டரி கேட்ல நின்னா டர்ன்லதான் நிக்கணும்.

பண விஷயம் கடைசியாச் சொல்றேன். 2013-ல ஒரே கான்ட்ராக்டரை நம்பி ரெண்டு வண்டியும் விட்டிருந்தேன். ஓட்டத்துக்குக் குறையே இல்லை, மாசம் 28 நாள் வண்டி ஓடுச்சு. நிரந்தரம்னு நெனச்சேன். நாலு மாசத்துல 6,40,000 ரூபா நின்னு போச்சு. கைக்கு வந்தது ரெண்டு லட்சம். ஒரு வண்டியை வித்துத்தான் டீசல் பங்க் கடனை அடைச்சேன். என் வீட்டம்மா அந்த வருஷம் தீபாவளிக்குப் பழைய சேலையைத்தான் கட்டினாங்க. அன்னையில இருந்து எந்த ஆள்கிட்டயும் ரெண்டு ரவுண்டுக்கு மேல பேலன்ஸ் விடறதில்லை. மூணாவது ரவுண்டு ஏத்தறதுக்கு முன்னாடி முதல் ரவுண்டுக் காசு கணக்குல விழணும். இதுக்கு ஒத்துக்காதவங்க எத்தனை லோடு குடுத்தாலும் வேண்டாம். 74 நாளா உங்க பணத்தை வெச்சிருக்கிறவரை நம்பித்தான் இப்ப நீங்க டர்ன்ல நிக்கறீங்க. அவர்கிட்ட இருந்து மெதுவா வெளிய வாங்க.

தூத்துக்குடி உப்புக்காத்து

மேட்டூர் அண்ணாச்சி சொன்னது அத்தனையும் நெசம். எங்க பக்கத்துக் கதையையும் ஒண்ணு சேத்துக்கிடுங்க. இங்க தூத்துக்குடி அனல் மின் நிலையத்துல 210 மெகாவாட் யூனிட் அஞ்சு, பக்கத்துல என்டிபிஎல் மின் நிலையத்துல 500 மெகாவாட் ரெண்டு. நான் சாம்பல் ஏத்தித் தாழையூத்து சிமெண்ட் ஃபேக்டரிக்கு ஓட்டுதேன். கிட்டத்துல இருக்கதால ஒரு நாளைக்கு ரெண்டு நடை கூடப் போகலாம். டயர் தேய்மானம் கம்மி. ராத்திரி வீட்டுல படுக்கலாம், அது எனக்குப் பெரிய விஷயம். பிள்ளைய ரெண்டும் சின்னது.

ஆனா வைகாசி கடைசியில இருந்து ஆவணி முடிய பாத்து இருக்கணும். கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்தாடி முழுசாச் சுத்த ஆரம்பிச்சுட்டா, மின்வாரியம் அனல் யூனிட்டைக் குறைச்சுருவாக. ரெண்டு யூனிட் நின்னா சாம்பலும் ரொம்பக் குறைஞ்சு போயிரும். சைலோவுல சாம்பல் இருக்காது, வரிசையில வண்டி மட்டும் நிக்கும். ஜூலையில இருந்து உங்க ஓட்டம் குறைஞ்சதா எழுதியிருந்தீக. சிமெண்டுக்குக் காரணம் வேறயா இருக்கலாம், ஆனா சாம்பலுக்கு வந்தாலும் அந்த மூணு மாசத்துக்குக் கையில கொஞ்சம் காசு ஒதுக்கி வைக்கணும். நான் டயர் மாத்துறது, எஃப்சி காட்டுறது, பெயிண்ட் எல்லாம் ஆடியிலதான் வச்சுக்கிடுதேன். மாசியில இருந்து சித்திரை வரைக்கும் மறுபடி வண்டி நிக்காது. வெயில்ல கரண்ட் தேவை ஏறும், அதே நேரத்துல கட்டட வேலையும் ஏறும்.

துறைமுகத்துல நிலக்கரி, சுண்ணாம்புக்கல் டிப்பர் வேலை இருக்கேன்னு சிலர் சொல்லுவாக. கப்பல் வந்தா பத்து நாள் தூக்கம் கிடையாது. கப்பல் போயிட்டா வேலையும் கிடையாது. நிரந்தரம் தேடுத ஆளுக்கு அது ஒத்து வராது.

கரூர் கணக்குப் பேரேடு

வணக்கம் அண்ணா. எங்கள் வீட்டில் இரண்டு பல்கர்கள். கணவர் ஓட்டுகிறார், கணக்கும் பில்லும் நான் பார்க்கிறேன். லோடு பிடிப்பது பற்றிப் பெரியவர் எழுதிவிட்டார். 74 நாள் பாக்கி என்று படித்ததும் எனக்கு அந்த இடத்திலேயே கண் நின்றது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்களிடம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே போடுங்கள். அரசு இணையதளத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். புரோக்கருக்கு 1,500 கொடுத்து ஏமாறாதீர்கள். ஒற்றை வண்டி வைத்திருப்பவரும் குறுந்தொழில்தான். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் நமக்குப் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி.

வழக்குப் போடச் சொல்லவில்லை. கேஸ் போட்டால் லோடு நின்றுவிடும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி வந்திருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காதவர், அந்தத் தொகையைக் கொடுக்கும் வருஷம் வரை செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. அதற்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும். எனவே உங்கள் ட்ரிப் பில்லின் தலைப்பிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். கான்ட்ராக்டர் கவனிக்காவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் கவனிப்பார். எங்களுக்கு ஐந்து மாதமாக நின்றிருந்த 1,86,000 ரூபாய், உத்யம் சான்றின் நகலை இணைத்து மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பிய 12-ஆம் நாள் வந்தது. அப்போது மார்ச் மாதம். அதற்கு முன்னால் நாற்பது முறையாவது போன் செய்திருப்பேன்.

டிடிஎஸ் (வாடகையிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் வாடகையில் டிடிஎஸ் பிடிக்கக்கூடாது. எங்களிடம் ஒன்றரை வருஷம் பிடித்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரியாததால் கேட்கவில்லை. ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கினோம்.

ஹால்டிங் காசுக்கு வாய்ப்பேச்சு செல்லாது. பிளான்ட் கேட்டில் வண்டி நுழைந்த நேரத்தை எல்ஆர் (லாரி ரசீது) காப்பியின் பின்பக்கம் செக்யூரிட்டியிடம் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எடை மேடைச் சீட்டைப் போட்டோ எடுத்து அந்த நிமிஷமே கான்ட்ராக்டரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். உங்களுடைய 26 மணி நேரத்துக்கு அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால், பேசுவதற்காவது ஒரு காகிதம் இருந்திருக்கும். எடையில் ஷார்ட்டேஜ் பிடித்தாலும் இதேதான். இரண்டு முனையிலும் எடைச் சீட்டு கையில் இல்லாத ட்ரிப்புக்கு நான் பில்லே போடுவதில்லை.

வைகுந்தம் 18 சக்கரம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பெரியண்ணன் எழுதினதை வீட்டுல சத்தமாப் படிச்சுக் காட்டினேன். டேங்க்கைக் கழட்டற பேச்சு அதோட நின்னுருச்சு. அக்கா சொன்ன உத்யம் இன்னைக்கே போட்டுட்டேன், அரை மணி நேரம்தான் ஆச்சு.

ரெண்டு சந்தேகமுங்க. மேட்டூர்ல விசாரிச்சேன். ஒரு கான்ட்ராக்டர் ரவுண்டுக்கு வண்டி எடுத்துக்கறேன்னு சொல்றார், ஆனா சிமெண்ட் 35 டன் ஏத்தணும்கறார். “எல்லாரும் ஏத்தறாங்க, ரோட்டுல நாங்க பாத்துக்கறோம்”னு சொல்றார். இன்னொருத்தர் சரியான எடைதான் ஏத்துவேன்கறார், ஆனா மாசத்துக்கு எட்டு ரவுண்டுக்கு மேல உறுதி குடுக்க மாட்டேன்கறார். எதுக்குப் போகட்டும்?

அப்புறம், அக்ரிமென்ட்ல என்னென்ன கேக்கணும்?

மேட்டூர் ரவுண்டு

எட்டு ரவுண்டுக்காரர்கிட்டப் போங்க. யோசிக்கவே வேண்டாம்.

ஓவர்லோடு பிடிச்சா 20,000 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 2019-ல சட்டம் திருத்தினதுல இருந்து இதுதான் அபராதம். நாலு டன் கூடன்னா 28,000. கூட இருக்கிற சரக்கை இறக்கிட்டுத்தான் வண்டியை விடுவாங்க. நடுரோட்டுல பல்கர் சிமெண்டை எங்க இறக்குவீங்க? “நாங்க பாத்துக்கறோம்”னு சொல்றவர் செக்கிங் அன்னைக்கு போனை எடுக்க மாட்டார். அதுவும் உங்களது ரெண்டாங்கை வண்டி. நாலு டன் கூட வெச்சு ஒரு வருஷம் ஓட்டினா சேஸிஸும் ஹப்பும் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், ஒன்பது வருஷம் டிரைவரா இருந்திருக்கீங்க. மேட்டுப்பட்டி டோல் தாண்டி ஆத்தூர் போற வரைக்கும் ரோடு நல்லா இருக்கு. அதுக்கப்புறம் வேப்பந்தட்டைப் பக்கம் வளைவு இருக்கு, ராத்திரியில டூவீலர்க்காரங்க லைட் இல்லாம வருவாங்க. 35 டன் பின்னாடி தள்ளிட்டு இருக்கும்போது நெனச்ச இடத்துல பிரேக் நிக்காது.

எட்டு ரவுண்டு உறுதின்னா 16 லோடு. ஆகஸ்ட்ல உங்களுக்குக் கிடைச்சதே 11 தானே. பாக்கி நாளுக்கு சங்ககிரியில இருந்து பெங்களூரு, ஈரோடு பக்கம் ரெடிமிக்ஸுக்கு ஒண்ணு ரெண்டு லோடு பிடிச்சுக்கலாம், மூணு மாசம் போனா அவரே பத்தாக்குவார்.

அக்ரிமென்ட்ல டீசல் விலை ஏறினா வாடகை எவ்வளவு ஏறும்னு எழுதச் சொல்லுங்க, எந்தத் தேதி விலையை வெச்சுக் கணக்குங்கறதும் இருக்கணும். சாம்பலுக்குக் குறைஞ்சபட்ச டன், நான் மேல சொன்னது. எத்தனை மணி நேரத்துக்கு மேல நின்னா ஹால்டிங், ஒரு நாளைக்கு எவ்வளவு. ஷார்ட்டேஜ் எத்தனை கிலோ வரைக்கும் விட்டுக்குடுப்பாங்க. எனக்கு 60 கிலோ. எடை மேடைக்கு எடை மேடை அவ்வளவு வித்தியாசம் வரத்தான் செய்யும். பேமென்ட் நாள். அதோட, எட்டு ரவுண்டு குடுக்க முடியாத மாசம் வந்தா என்ன தருவாங்கன்னு ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லைன்னா எட்டுங்கறது வெறும் வாய்வார்த்தை. முழு வாடகை யாரும் தரமாட்டாங்க, குறைஞ்சது டியூ அளவுக்காவது பேசிப்பாருங்க.

வைகுந்தம் 18 சக்கரம்

ஆறு வாரம் கழிச்சு எழுதறேனுங்க. எட்டு ரவுண்டுக்காரர்கிட்டத்தான் சேந்தேன். எழுத்துல வாங்கிட்டேன். டியூ அளவுக்குப் பேசினேன், அவர் 40,000-க்கு ஒத்துக்கிட்டார். முதல் மாசம் ஏழு ரவுண்டுதான் வந்துச்சு. மழையால அரியலூர்ல ரெண்டு நாள் டெஸ்பேட்ச் மெதுவாப் போச்சு, சேலத்துல சைலோவும் காலியாகல. ஆனா 14 லோடு ஏத்தியிருக்கேன். அதுல காலியா ஓடினது 400 கி.மீ.கூட இல்லை. செப்டம்பர் மாசம் டைரியை எடுத்துப் பாத்தேன், காலியா மட்டும் 2,400 ஓடியிருக்கேன். ஏழாந்தேதி டியூவை அஞ்சாந்தேதியே கட்டிட்டேனுங்க. அம்மாகிட்டச் சொன்னப்ப ஒண்ணும் பேசல, போய் விளக்கு ஏத்திட்டு வந்தாங்க.

பழைய புக்கிங் ஆபீஸ்ல உத்யம் நம்பர் போட்ட பில்லைக் குடுத்தேன், அக்கா எழுதின மாதிரியே ஒரு கடிதமும் வெச்சேன். பாதி வந்துருச்சு. மீதிக்கு இந்த மாசம் 30-ந்தேதி சொல்லியிருக்காங்க.

ஒரு தப்பு நடந்துருச்சு. ரெண்டாவது ரவுண்டுல டேங்க்கைச் சரியா ஊதாம சிமெண்ட் ஏத்தப் போயிட்டேன். ஏத்தற இடத்துல டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க, அஞ்சு மணி நேரம் போச்சு. இப்ப நானே உள்ள எட்டிப் பாக்காம கேட்டுக்குப் போறதில்லை. கேஜைப் பாத்துட்டுத்தான் மூடியைத் தொடறேன்.

பெரியண்ணா, மூணாவது மேன்ஹோல் ஓரத்துல சிமெண்ட் கட்டி தட்டி இருக்கு. மழைத் தண்ணி இறங்குதுன்னு நெனக்கறேன். மூடியை மாத்தணுமா, மூடி ஓரத்துல இருக்கிற கேஸ்கெட் ரப்பர் மட்டும் மாத்தினாப் போதுமா?

மேட்டூர் ரவுண்டு

ஏழு ரவுண்டு இந்த மழையில நல்ல கணக்குதான் தம்பி. என் வண்டியிலயே ரெண்டு, ஒன்பது ரவுண்டுலதான் நின்னுச்சு.

மூடி வளையலைன்னா கேஸ்கெட் போதும். ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க, மூணையும் சேத்து மாத்திருங்க. ஒண்ணு போனா மத்ததும் போற நேரம்தான். கட்டி தட்டினதை உளியால கொத்தாதீங்க, மூடி உக்கார்ற பரப்புல பள்ளம் விழுந்தா அப்புறம் எந்தக் கேஸ்கெட்டும் பிடிக்காது. கம்பி பிரஷ் போட்டு மெதுவாத் தேயுங்க. உள்ள கட்டி விழுந்திருந்தாத் தனியா இறங்காதீங்க, மேல ஒரு ஆள் நிக்கணும், எல்லா மூடியும் திறந்து காத்து ஓடிட்டு இருக்கணும். ஞாயித்துக்கிழமை நான் ஊர்லதான் இருப்பேன். வண்டியை நம்ம பட்டறைக்குக் கொண்டுவாங்க, ரெண்டு பேருமாப் பாத்துரலாம்.